எடுக்கக் கூடாத அழைப்பு

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னது ஏஞ்சலின் என்கிற பெண். மனநல ஆலோசகராம். வயது இருபத்தெட்டைத் தாண்டாது. மனதில் என்ன வருகிறதோ அதை அப்படியே எழுத வேண்டுமாம், யாரும் படிக்க மாட்டார்களாம்.

முதலில் மனதில் வந்தது இதுதான். சிகிச்சைக்கு உட்கார வைத்த நாற்காலியில் தலை சாய்க்கும் இடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவரின் தேங்காய் எண்ணெய் ஒட்டியிருந்தது. நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் துடைத்தார்கள். முப்பத்தொரு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து, கோயமுத்தூர்க்காரர்களின் சளியையும் மலத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிட்டையர் ஆனவள் நான். அதில் ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை. அதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த எண்ணெய் என் பிடரியில் பட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தேன்.

தலையில் ரப்பர் தொப்பி மாட்டி, அதன் மேல் பேனாவால் புள்ளி வைத்து, எட்டு வடிவத்தில் இருக்கும் ஒரு காந்தச் சுருளை வலது பக்கத்தில் வைத்தார்கள். அளவு பார்க்கவென்று முதலில் ஓர் இடத்தில் காந்தத்தை அடித்தபோது என் இடது கைக் கட்டை விரல் தானாகத் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை. என் விரலையே வெட்டி எறியலாம் போல இருந்தது.

மொத்தம் முப்பது தடவை. வாரத்துக்கு ஐந்து நாள். காந்தம் அரை மணி நேரம், அது முடிந்த கையோடு ஏஞ்சலினோடு முக்கால் மணி நேரப் பேச்சு. காந்தம் மூளையைக் கொஞ்சம் இளக்கும், அந்தச் சூட்டோடு பேசினால் பேச்சு உள்ளே இறங்கும் என்பது டாக்டரின் கணக்கு. எல்லோருக்கும் இறங்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை மதித்தேன்.

ஆறு வருடமாக மாத்திரை போட்டும் அடங்காத கவலை எனக்கு. அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். சித்திரையில் ஃபோனில் பேசும்போது என் மகள் வானதி, “உன்கிட்ட எதையுமே சொல்ல முடியறதில்லம்மா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சோர்ந்துபோய்ச் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த எண்ணெய் நாற்காலி. அவள் என்னிடம் சொல்கிற மாதிரி நான் ஆக வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 9.10க்கு வானதியின் மிஸ்டு கால் வந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஏஞ்சலினுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. வானதி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே பதினோரு கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போகிறாள். ஆபீஸ் போனதும் ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். நான் எடுக்கக் கூடாது, திருப்பியும் கூப்பிடக் கூடாது. அவள் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டுச் சட்டம் இது. ரிங் வந்தால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். நேரத்தை அதற்கென்று வைத்திருக்கும் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன், பக்கத்தில் அன்றைய சமையலையும்.

“ரிங் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவீங்கம்மா?” என்று ஏஞ்சலின் கேட்டாள். ஒன்றும் செய்ய மாட்டேன் என்றேன். அது உண்மை. காபிகூடக் குடிக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் வீட்டில் நிற்பதே இல்லை. ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் நிறுத்தப் பின்பக்கம் போய்விடுவார். பெண்டாட்டி இங்கே செத்துப் பிழைக்கிறாள், அவருக்குத் தொட்டி நிரம்புவதுதான் முக்கியம்.

ஜூன் 12, வியாழன்

காந்தம் அடிக்கும்போது வலது கண்ணிமை துடிக்கிறது, பல்லோடு பல் இடிக்கிறது. கசாப்புக் கடையில் தொங்கும் சதை துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகம் வந்து மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று ஏஞ்சலின் கண்ணை மூடி, மனதுக்குள் ஓர் ஆற்றங்கரையில் உட்காரச் சொன்னாள். கவலை வரும்போதெல்லாம் அதை ஓர் இலை மேல் வைத்துத் தண்ணீரில் விட வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஆறு நொய்யல். சிங்காநல்லூர்ப் பக்கம் அதில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும், நாற்றம் பஸ் வரைக்கும் வரும். அதில் இலையை விட்டால் நகராது, அழுகும். அப்படியே சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள். வால்பாறைக்காரியாம், அங்கே ஆறு சுத்தமாக இருக்குமாம். இருக்கட்டும்.

இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறாள். கவலைக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து முதல் ஐந்தரை வரை. மற்ற நேரத்தில் வந்தால், அப்புறம் வா என்று சொல்லி ஒரு வரி எழுதி வைத்துவிட வேண்டும். ஐந்து மணிக்குச் சேரைப் போட்டு உட்கார்ந்தேன். லாரி, ஸ்கூட்டர் பிரேக், மாப்பிள்ளையின் இருமல், கல்யாணமாகி நாலு வருடமாகியும் வானதிக்குக் குழந்தை இல்லாதது, மாப்பிள்ளை வீட்டார் எதையாவது சொல்லிவிடுவார்களோ என்பது. இருபது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதிப் பத்து நிமிடம் சும்மா இருந்தேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “ஏன் துளசி, இன்னிக்கிக் கவலை பத்தலையா?” என்றார். முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினேன்.

ஜூன் 20, வெள்ளி

பத்து தடவை முடிந்தது. ஏஞ்சலின் கேட்டபடி பதிவேட்டைக் கொண்டுபோனேன். இரண்டு வருடக் கணக்கை அவளே ஒவ்வொரு பக்கமாக எண்ணினாள். நானூற்று அறுபத்தேழு வேலை நாள். நானூற்று அறுபத்தேழு ரிங். அத்தனை நாளும் இவள் இன்றைக்குப் போய்ச் சேர மாட்டாள் என்று நான் நினைத்தேன். ஒரு நாளாவது நடந்ததா என்று கேட்டாள். இல்லை.

எனக்கு எண்கள் பிடிக்கும். நான் வேலை பார்த்த லேப்பில் ஒருத்தி, சாம்பிளை மெஷினில் போடாமலேயே நார்மல் என்று ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தது நான்தான். சிங்க்கில் ஊற்றப்பட்ட அந்த ரத்தத்தைப் பார்த்து அன்று வாந்தி எடுத்தேன். அழுக்கிலேயே பெரிய அழுக்கு சோதிக்காமல் எழுதும் ரிப்போர்ட்தான். என் பதிவேட்டில் அது கிடையாது, ஒவ்வொரு ரிங்கும் என் காதால் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. நானூற்று அறுபத்தேழுக்குப் பூஜ்யம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது என்றுதான் எழுத வேண்டும். காந்தமா, கணக்கா, தெரியவில்லை. பக்கத்தில் ஒரு அம்மா வெற்றிலை எச்சிலை ஜன்னல் வழியாகத் துப்பாமல் இருந்திருந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கொஞ்சம் நீடித்திருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

ஏஞ்சலின் எங்கே வருகிறாள் என்று பதிவேட்டை எண்ணியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மிஸ்டு காலை நிறுத்தச் சொல்கிறாள். ஒரே ஒரு வாரத்துக்கு. ரிங் இல்லாமலும் மகள் போய்ச் சேர்வாள் என்பதை என் மூளை தானே கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவள் தலையில் அந்தச் சுருளை வைத்து நான் அடிக்க வேண்டும் போல இருந்தது.

ரிங் வராத நாள் என்று ஒன்று இருந்ததா என்று துருவினாள். இருந்தது. அதை எழுதவே கை கூசுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் வானதி ரிங் விட மறந்துவிட்டாள். பத்து மணிக்கு நான் அவள் கம்பெனி செக்யூரிட்டிக்கு ஃபோன் போட்டு அழுது, அவர்கள் மேனேஜரிடம் சொல்லி, கேமராவில் தேடி, மீட்டிங்கில் இருந்தவளை எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கூட்டி வந்து ஃபோனில் பேச வைத்தார்கள். இனி ஜென்மத்துக்கும் ரிங் விட மாட்டேன் என்று கத்தினாள். பத்து நாள் நான் படுத்த படுக்கை. அப்புறம் இவர்தான் அவளிடம் பேசி, ஆபீஸ் நம்பரிலிருந்து விடச் சொல்லி ஏற்பாடு செய்தார். என் ஃபோனில் ‘வானதி ஆபீஸ்’ என்று பதிந்து கொடுத்ததும் அவர்தான். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர், பஞ்சாயத்துப் பேசத் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

இவர் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வானதியின் ஃபோன் வந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுவதுதான் வழக்கம். இன்று நானும் அவளும் மட்டும்.

இனி ஒரு வாரத்துக்கு மிஸ்டு கால் வேண்டாம் கண்ணு என்றேன். எவ்வளவு பெரிய காரியம் செய்கிறேன், அவள் மகிழ்வாள் என்று நினைத்தேன்.

“என்ன மிஸ்டு காலும்மா?” என்றாள்.

உடனே, “ஓ. சரிம்மா, சரி” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏதோ வேலையாக இருந்திருப்பாள், காதில் சரியாக விழுந்திருக்காது. அவளுக்கு எப்போதும் பாதிக் கவனம்தான்.

ஜூன் 30, திங்கள்

9.10க்கு ரிங் வந்தது. சொன்னதைக் கேட்கிற பிள்ளையா அது. ஆனாலும் காபி உடனே இறங்கியது, அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

9.10க்கு மறுபடியும் ரிங். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தலையில் அடி வாங்கிக்கொண்டு முயற்சி செய்கிறேன், இவள் விளையாடுகிறாளா. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த நம்பரைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

வீட்டின் பின்பக்கம், மோட்டார் ரூமில் ஒரு ஃபோன் அடித்தது.

நான் கதவைத் திறந்து பார்த்தேன். இவர் ஒரு சின்னப் பட்டன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படி அடக்குவது என்று தெரியாமல் வேட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் ஓடவே இல்லை.

“எத்தனை நாளாங்க?” என்று கேட்டேன்.

“அவ விட மாட்டேன்னாளே, அப்பருந்தே” என்றார்.

ஜூலை 2, புதன்

மெஷினுக்குப் போகவில்லை. சமைக்கவில்லை. அவர் தொட்ட டம்ளரைத் தொடப் பிடிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்றும் மெஷினுக்குப் போகாமல், காலையில் பதிவேட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். நானூற்று அறுபத்தேழும் இவர் எழுதிய ரிப்போர்ட். ஒன்றில்கூடச் சோதனை நடக்கவில்லை. அந்த லேப் பெண்ணைப் பிடித்தபோது வந்ததே, அதே புளிப்பு தொண்டைக்கு வந்தது. அப்புறம் லேப் புத்தியே ஒரு கேள்வி கேட்டது. ரிப்போர்ட் எல்லாம் போலி என்றால், அவள் உண்மையில் போய்ச் சேராத நாள் எது?

இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டேன். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். மூன்றாவது முறை கேட்டபோது குழாயை மூடினார்.

“போன அக்டோபர்ல நாலு நாளு. ஆஸ்பத்திரில இருந்தா. மூணாவது மாசம், நிக்கலை.”

தர்மபுரியில் பழைய மில்க்காரர் ஒருவரின் சாவுக்குப் போவதாகச் சொல்லி, போன அக்டோபரில் இவர் நாலு நாள் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது, சாவு வீட்டில் எதற்கு நாலு நாள் என்று சண்டை போட்டேன்.

“நீ தாங்கமாட்டயேன்னுதான் துளசி” என்றார்.

பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருக்கிறது. அக்டோபர் 21, 9.10, சேர்ந்தாள், பூண்டுக் குழம்பு. 22, 9.10, சேர்ந்தாள், தக்காளி சாதம். 23, 9.10, சேர்ந்தாள், வாழைப்பூ வடை, நன்றாக வந்தது. 24, 9.10, சேர்ந்தாள், அவியல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இவர் ரிங் விட்டிருக்கிறார். என் மகள் உள்ளே கிடந்தபோது நான் வாழைப்பூவை நரம்பு எடுத்து, ஆய்ந்து, வடை சுட்டுத் தின்றிருக்கிறேன். நன்றாக வந்தது என்று வேறு எழுதியிருக்கிறேன்.

எனக்கு என் வாயே அருவருப்பாக இருக்கிறது. மூன்று முறை பல் தேய்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

சண்டை போடத்தான் போனேன். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு நேராக ஏஞ்சலின் அறைக்குப் போய், பதிவேட்டை அவள் மேஜை மேல் போட்டேன். உன் கணக்கு எல்லாம் குப்பை, நான் பயந்தது நடந்திருக்கிறது, நடந்த அன்றுதான் எல்லோரும் சேர்ந்து என்னை நிம்மதியாக வைத்திருந்தீர்கள் என்றேன். எல்லோரும் என்றதில் அவளையும் சேர்த்துத்தான் சொன்னேன், அவளை எனக்கு அந்த அக்டோபரில் தெரியவே தெரியாது என்றாலும்.

அவள் தன் கணக்கைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. ஆமாம், நான் எண்ணியது தப்பான எண் என்று ஒப்புக்கொண்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பதிவேட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

“அந்த நாலு நாளும் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?”

ஓடிப்போயிருப்பேன், பார்த்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. பொய் என்று எனக்கே தெரிந்தது. நான் படுத்திருப்பேன். எனக்கு பிரஷர் ஏறியிருக்கும், எனக்கு டிரிப் போட்டிருப்பார்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்து வானதி எழுந்து வந்து, எனக்கு ஒன்றுமில்லைம்மா, நீ அழாதே என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பாள். ஆறு வருடமாக இந்தக் கவலைக்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். பாதிக்கு மேல் அதில் நான்தான் இருந்தேன். சீ.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும், இப்போது போய் மெஷினில் உட்காருகிறேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தலை வைக்கும் இடத்தைத் துடைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

ஐந்து மணிக்குச் சேர் போட்டு உட்கார்ந்தேன். லாரி வரவில்லை, பிரேக் வரவில்லை. நாளைக்கு அவளிடம் என்ன பேசுவது என்பது மட்டும் வந்தது. அதை இலையில் வைக்கத் தோன்றவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பத்தரைக்கு ஃபோன் வந்தது. இவர் வழக்கம்போல ஸ்பீக்கரைப் போடக் கை நீட்டினார். ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் விஷயம் எனக்குத் தெரியும் கண்ணு என்றேன்.

 “அம்மா, பிபி மாத்திரை போட்டியா?” என்றாள்.

தன் பிள்ளை போன கதையைச் சொல்வதற்கு முன்னால் என் மகள் என் பிரஷரைப் பார்க்கிறாள். அப்படி அவளை வளர்த்திருக்கிறேன். போட்டேன், நீ சொல்லு என்றேன். அழுதுவிடக் கூடாது என்று மாடிச் சுவரின் காரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

முக்கால் மணி நேரம் சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் பிறந்த குழந்தை இரவெல்லாம் அழுததாம். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதாராம், டிரிப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு இவள்தான் போய் அவரைச் சமாதானப்படுத்தினாளாம்.

“நாலு நாளா தலையே சீவலைம்மா. யாருக்கும் அது தோணலை. நீ வந்தா சீவி விடுவேன்னு நெனச்சேன். ஆனா உன்னக் கூப்பிட முடியலை.”

எனக்கு நூறு கேள்வி வந்தது. எந்த டாக்டர், ஏன் அப்படி ஆயிற்று, ஸ்கூட்டரிலா போனாய், பப்பாளி தின்றாயா. எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. கேட்கவில்லை. கவலை போய்விடவில்லை, அது அப்படியேதான் இருந்தது. அதைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் பேச்சைக் கேட்டேன். இது முப்பதில் பதினெட்டு காந்தம் செய்ததா, அந்த வால்பாறைப் பெண் செய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப மறுபடியும் எட்டு வாரம்மா. வியாழக்கிழமை ஸ்கேன். போன தடவையும் இந்த ஸ்கேன்லதான் சொன்னாங்க. பயமா இருக்குது.”

“எனக்கும் பயமாத்தான் இருக்குது கண்ணு” என்றேன். “புதன்கிழமையே வர்றேன்.”

“வந்துரும்மா.” உடனே சேர்த்துச் சொன்னாள். “அப்பாகிட்ட இப்பச் சொல்லாதே. அவரு தாங்க மாட்டாரு.”

சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

கீழே வந்தேன். என் முகத்தைப் படித்துவிடப் பார்த்தார். சமையலறையில் என் பின்னாலேயே சுற்றினார். அக்டோபரைப் பற்றிப் பேசினோம், அழுதோம், முடிந்தது என்றேன். புதன்கிழமை ஓசூர் போகிறேன், மகளோடு நாலு நாள் இருந்து பாருங்கள் என்று ஏஞ்சலின் சொல்லியிருக்கிறாள், அதுவும் வைத்தியத்தில் சேர்த்தியாம் என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வார்த்தை வந்தது.

“வேற ஒன்னுமில்லையே?” என்று கேட்டார்.

“ஒன்னுமில்லைங்க. நல்லா இருக்கறா.”

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஐந்து நாளாகப் பாதி வயிற்றோடு எழுந்தவர் இன்று ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்தார், இரண்டாவது முறையும் சோறு கேட்டார். போட்டேன். ரசம் நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் மெல்லுகிற வாயை என்னால் பார்க்க முடியவில்லை, அப்பளம் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.